மென்னு முழுங்கினவர்

தியாகதுருகம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. இட ஒதுக்கீட்டு மறியல். ரோட்டின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். முன்சீட்டில் ஒரு பெண்ணும் அவளுடைய அத்தையும்.

“அத்தே, கோஷம் போட்டுக்கினு வராரே, அவர்தான் நேத்து என்னைப் பொண்ணு பாக்க வந்தவரு.”

“இன்னா தொண்டைடீ!”

“‘பொண்ணு புடிச்சிருக்கா’ன்னு அப்பா கேட்டதுக்கு மென்னு முழுங்கினாரு. புடிக்கல போல.”

“போடீ. புடிக்கலன்னா ‘வூட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்’னு பட்டுனு சொல்லிட்டு, பஜ்ஜியத் தின்னுட்டுப் போயிருப்பான். ஆசை இருந்தாத்தான் வார்த்தை தொண்டையில மாட்டும்.”

“போராடுவோம், போராடுவோம்...” என்று பஸ்ஸை நெருங்கியவர், சன்னலில் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் கூட்டம் அடுத்த வரிக்குக் காத்திருந்தது.

அவள் தலையை வெளியே நீட்டினாள்.

“வெற்றி கிடைக்கும்வரை போராடுவோம்னு சொல்லுங்க!”