இரும்பு ஆணி போட்ட வியாழக்கிழமை

"மைதானத்து ஸ்டாண்டுக்கு அவன் பேரை வெச்சீங்கன்னா, நானே ஏணி போட்டு ஏறிப் பேத்து எடுப்பேன்."

"குடிச்சிட்டு உளறாதே ஃபோன்ஸ். அது விபத்துய்யா."

"விபத்தா? தன் பூட்ஸ் ஆணியை வேற ஒருத்தனைத் தொட விடமாட்டான் அவன். அன்னைக்கு மட்டும் ஆணி மாத்த மறந்துட்டானாக்கும்?"

போன ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் எங்கள் கால்பந்து கிளப் கேன்டீனில் நடந்த சண்டை இது. கத்தியவர் யோரினின் அப்பா ஃபோன்ஸ். சமாதானம் சொன்னவர் செயலாளர் வில்ஃப்ரீட். தூணுக்குப் பின்னால் வறுத்த உருளைக்கிழங்குக்காக நான் வரிசையில் நின்றதை இருவருமே பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு காருக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது.

என் பெயர் லீவன். ஃப்ளாண்டர்ஸில் இந்தச் சின்ன ஊர் கிளப்புக்காகவே என் காலம் முழுக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடினேன். கேப்டனாகவும் இருந்தேன். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். கோல் போகாமல் தடுத்தவன் தனியாகக் குளித்துவிட்டு வீட்டுக்குப் போவான். இதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை.

யோரின் எங்கள் இளைஞர் அணியிலிருந்து மேலே வந்தவன். நான் ஆடும் இடத்திலேயே ஆடியவன். பந்து எங்கே வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரியும். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் பயிற்சியாளர் வாஃபிளை மென்றபடியே என்னிடம், "ஞாயித்துக்கிழமை நீ வெளியில உக்காரு லீவன். பையனைப் பாக்க ஜெர்மனி கிளப்புலேருந்து ஆள் வருது" என்றார். நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்வதுபோல் சொன்னார். சரி என்றேன்.

வியாழக்கிழமை பயிற்சியில் பெரியவர்களும் இளசுகளும் மோதுவது எங்கள் வழக்கம். தோற்றவர்கள் ஜெயித்தவர்களின் பூட்ஸைத் துடைக்க வேண்டும். வெறும் விளையாட்டு என்பதால் எல்லோரும் பூட்ஸின் அடியில் ரப்பர் ஆணிதான் போடுவோம், எதிராளி காலை நோக்கிச் சறுக்கிப் பாயக் கூடாது. இரும்பு ஆணி ஞாயிற்றுக்கிழமைச் சேற்றுக்கு.

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய வியாழன் இரும்பு ஆணியை நான் கழற்றவில்லை. சாவி போட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

"தாத்தா, இன்னைக்கும் என் பூட்ஸ் உங்களுக்குத்தான்" என்றான் யோரின். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பந்து அவன் காலை விட்டுப் போன பிறகுதான் சறுக்கினேன். அவன் காலை ஊன்றும் வரை காத்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே பட்டது. முதலில் எழுந்து அவன் கையைப் பிடித்ததும் நான்தான்.

"ஆணி மாத்த மறந்துட்டேன்டா."

"பரவால்ல லீவன். நீங்க வேணும்னு செய்யலையே."

அந்த வார்த்தைக்காக அவன்மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. திட்டியிருக்கலாம். ஊரே பார்க்க என்னை நல்லவனாக்கிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பதில் நான் ஆடினேன். ஜெயித்தோம். ஜெர்மன்காரர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

இப்போது யோரின் காலை இழுத்து இழுத்து நடந்து எங்கள் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான். வெளிநாட்டுக் கிளப் அவனைச் சக்கையாகப் பிழிந்து துப்பியிருக்கும். இங்கே ஊரோடு, அப்பா அம்மாவோடு இருக்கிறான். ஃபோன்ஸ் அதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

வரும் சனிக்கிழமை பார்வையாளர் ஸ்டாண்டுக்கு என் பெயர் வைக்கிறார்கள். பலகையின் துணியை விலக்கப்போவது யோரின். நான் பேச வேண்டுமாம். என்னோடு ஆடியவர்களில் அவன்தான் சிறந்த தடுப்பாட்டக்காரன் என்று மைக்கில் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆணி விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

அப்படிச் சொன்னால் ஃபோன்ஸின் மனம் ஆறுமா? ஆட்டம் தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.