குப்பிக்குள் நல்ல கிருமி

கட்டன்சாயா நன்றாக இருக்கிறது, சார். மாட்டுப்பட்டிப் பக்கம் நாற்பது வருசம் தேயிலைக்கு மருந்தடித்தவன் நான். தூளின் தரம் என் நாக்குக்குத் தெரியும். பெயர் சுடலை. படிப்பு மூன்றாம் வகுப்பு. சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

என் மகள் ஆனந்தி எங்கள் எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கிறாள். தாயில்லாதவள். பதினைந்து வயதிலிருந்தே முகம் முழுக்கப் பரு. துணியால் முகத்தை மூடிக்கட்டிக்கொண்டுதான் மலையேறுவாள். மூன்று மாதம் முன்பு ஜோமோள் என்கிற டாக்டரம்மா ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தார். அதற்குள் உயிருள்ள கிருமியாம். நல்ல கிருமியாம். மனுசத் தோலில் குடியிருக்கிற வகைதானாம். பருவைக் கிளப்புகிற கெட்டதை அடக்கிவிடுமாம். சூடு பட்டால் செத்துவிடும், ஃபிரிட்ஜில் வை என்றாராம்.

“கிருமிய எவளாவது மூஞ்சியில பூசுவாளா, கூறுகெட்டவளே?”

“தயிர்ல இருக்கதும் கிருமிதாம்ப்பா. அத மட்டும் வழிச்சு வழிச்சுத் திங்கீக.”

தேயிலைக்கும் கொப்புள நோய் வரும், சார். இலையில் பரு மாதிரியே எழும்பும். செம்பு மருந்தடித்துக் கொல்வோம். நல்ல கிருமியைக் கொண்டுவந்து ஊற்று என்று எந்தத் துரையும் சொன்னதில்லை. நான் நம்பவில்லை. இதில் என்ன தப்பு?

ஆனால் பரு அடங்கியது. அதையும் எழுதுங்கள். இரண்டே மாதத்தில் கன்னம் தெளிந்தது. துணியை அவிழ்த்தாள். கொச்சியில் ஒரு ஓட்டலின் வரவேற்பு வேலைக்குப் போட்டோ அனுப்பினாள். வரச் சொல்லிவிட்டார்கள்.

“ஒண்ணாந்தேதி சேரணும்ப்பா. செக்ரோல்ல பேர வெட்டச் சொல்லணும். நீங்களும் எங்கூட வந்துருங்க.”

அந்தப் புழுக்கத்திலா?

எஸ்டேட் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. ஓய்வு பெற்றவனுக்கு லயத்தில், அதாவது எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், இடம் கிடையாது. குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோலில், அதாவது வேலையாள் பதிவில், இருந்தாக வேண்டும். நான் பிறந்ததே அந்த லயத்தில்.

அவள் மலைக்குப் போயிருந்த ஒரு பகலில் குப்பிக்குள் மருந்து ஊற்றினேன். கிருமியைக் கொல்லத்தான். சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வந்து பூசினாள். அலறினாள். தண்ணீர் ஊற்றியது நான். ஜீப் பிடித்ததும் நான். இடது கண் தேறாது என்கிறார்கள்.

கிருமியைக் கொல்வதென்றால் செம்பு மருந்து போதாதா, புல் எரிக்கிற மருந்தை ஏன் எடுத்தாய் என்று கேட்கிறீர்கள். இரண்டும் ஒரே பலகையில்தான் இருந்தன. எழுத்துத் தெரியாமல் மாற்றி எடுத்துவிட்டான் என்று மட்டும் எழுதாதீர்கள். நாற்பது வருசத்தில் நான் டப்பா மாற்றி எடுத்ததே இல்லை.

பெற்றவன் பிள்ளைக்கு நல்லதுதான் செய்வான். காயம் ஆறட்டும், பழையபடி துணியைக் கட்டிக்கொண்டு மலையேறுவாள். அவள் பெயரை இன்னும் வெட்டவில்லை, சார். எஸ்டேட் ஆபீசில் அதை விசாரித்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.