அகல்யா அடிக்கிற கீபோர்டு

சிரிக்காதீங்கண்ணே, நான் சீரியஸாத்தான் சொல்றேன். உங்க பையன் உள்ள பரீட்சையில எந்த கீபோர்டுல அடிக்கிறான்? ஆங், அதேதான். ஊருல எல்லாத்துக்கும் அதேதான். எவனோ டைப்ரைட்டர் காலத்துல எழுத்தைக் கண்ட இடத்துல போட்டு வச்சான், இன்னைக்கு வரைக்கும் உலகமே அதைக் கட்டிக்கிட்டு அழுவுது. ஒருத்தனாச்சும் ஏன்னு கேக்கணுமே. மாட்டான். மூளையை அடகு வச்சுட்டானுங்க.

வேற மாதிரி கீபோர்டும் இருக்குலா. அடிக்கடி வர்ற எழுத்தெல்லாம் நடு வரிசையில, விரலுக்கு அடியிலயே கெடக்கும். தங்கா பத்து டவுன்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கேன், என் கடையில எல்லா மெஷினும் அப்படித்தான். பட்டனைப் பிடுங்கி மாத்திக் குத்தி, உள்ள செட்டிங்கையும் மாத்திட்டேன். ரெஸ்யூம் அடிக்க வர்றவன் திணறுவான், திட்டுவான். போடான்னு விட்டுருவேன். எதிர்க்கடைக்குப் போயி மாடு மாதிரி தட்டட்டும்.

எம்மவ அகல்யா அப்படி இல்ல. சின்னப் புள்ளையிலேர்ந்து என் முறைதான். பக்கத்துல உக்காந்து பாப்பேன், விரலு அசையுறதே தெரியாது. நியாலாஸ் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன குடும்பம்ணே எங்களது. எங்கப்பா சாவுற வரைக்கும் தோட்டத்து ஆபீஸ் கிராணி சொன்னதுக்கெல்லாம் மண்டையை ஆட்டுனாரு. எம்மவ எவனுக்கும் ஆட்டக்கூடாதுன்னு வளத்தேன்.

இன்னைக்கு கட்டுரை அடிக்கணும்ல, நேரம் வேற ஓடும். கோட்டை விட்டா இந்த வருஷம் யூனிவர்சிட்டி சீட்டு போச்சு. அதான் காலையிலயே இந்த புக்கிட் பெருவாங் பரீட்சை சென்டருக்கு வந்து, அவ மெஷின்ல மட்டும் செட்டிங் மாத்தி விடுங்கன்னு கேட்டேன். கழுத்துல அட்டையைத் தொங்கவிட்டுக்கிட்டு ஒரு அம்மா நிக்குது பாருங்க, அதுகிட்டதான். தாக் போலேவாம், முடியாதாம். முன்கூட்டியே மனு போட்டிருக்கணுமாம். ஒழுங்கா அடிக்கிறதுக்கு ஒரு மனுவா? சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியாத ஜென்மத்துக்கெல்லாம் ஒரு நாற்காலி.

ஓ, உங்களுக்கும் கேட்டுச்சா? ஆமா, நான்தான் கத்துனது. கத்தாம பின்ன?

புள்ள பயந்திருக்கும்னு சொல்றீங்க. அதான் இல்ல. நான் கத்திக்கிட்டு இருக்கும்போதே அந்த அம்மா பக்கத்துல போயி நின்னா. சாதா கீபோர்டே போதும் ஆன்ட்டி, ஸ்கூல்ல எப்பவும் அதுலதான் அடிக்கிறேன், வீட்டுல அப்பா பக்கத்துல இருந்தாத்தான் அந்த மாதிரின்னு சொன்னா. மெதுவாத்தான் சொன்னா. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுட்டா.

எத்தன வருஷமாவா? எங்க கேக்குறது, உள்ள போயிட்டாளே.

மனசு வலிக்குதுதாண்ணே. ஆனா பரீட்சையை நல்லாத்தான் எழுதுவா, அதுல சந்தேகமே இல்ல. வெளிய வந்ததும் மொதல்ல என் மூஞ்சியைத்தான் பாப்பா, அப்பாவுக்குக் கேட்டுருச்சோன்னு. நான் அந்த அம்மாவையே இன்னும் கொஞ்சம் திட்டிக்கிட்டு, கேக்காத மாதிரி இருந்துட்டுப் போறேன்.