நியாஸ் வேலைக்குப் போயிருக்கிறான்

எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு நாள்கூட வேலைக்குப் பிந்திப் போனதில்லை. பீர் முகைதீன் வீடு என்றால் நேரம் தவறாத வீடு என்று அலோன் பேட்டை முழுக்கத் தெரியும். ஜமாஅத்தார் கேட்டதால் அன்று நடந்ததை எழுதித் தருகிறேன்.

அன்று காலை என் மகள் மிஸ்பாவைப் பெண் பார்க்க பக்கத்துப் பேட்டையான லான்மடாவிலிருந்து காஜா மைதீன் குடும்பம் வருவதாக இருந்தது. பெண்ணின் அண்ணன் வாசலில் நின்று சலாம் சொல்லி வரவேற்பது எங்கள் வழக்கம். என் மகன் நியாஸ் மூன்று நாளாகத் தூங்கவில்லை. தூக்கத்தை விரட்டும் யாமா என்கிற போதை மாத்திரைதான் காரணம். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தான். அவனை வாசலில் நிறுத்த முடியாது. உள்ளே படுக்க வைத்தாலும் என்ன நோய் என்று கேட்பார்கள். வேலைக்குப் போயிருக்கிறான் என்றால் மேலே கேள்வி இல்லை. ஊர்க்கோடியில் உள்ள லைங் தாயா தையல் ஆலைக்குப் பெண்களை எங்கள் பஸ்ஸில் கொண்டுபோய் விடுவதுதான் அவன் வேலை.

அவனை ஏற்றப் போனபோது கண்டக்டர் சபாபதி பஸ் படியிலேயே மறித்து நின்றான்.

"முதலாளி, தம்பியால நிக்கவே முடியல. வேற டிரைவரைக் கூப்பிடுவோம்."

"கூப்பிட்டா ஊருக்கே தெரிஞ்சிரும்."

"சம்பந்திக்கு முன்னால நிறுத்த முடியாத ஆளை, நாப்பது பொண்ணுங்களுக்கு முன்னால உக்கார வைக்கிறீங்களே."

அதிகப்பிரசங்கி. ஆனாலும் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

நியாஸ் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து, "இன்னிக்கு வேணாம் வாப்பா, கண்ணு சொருகுது" என்றான். முந்தின வாரம் அவனிடமிருந்து பறித்த மாத்திரைகள் என் அலமாரியில் இருந்தன. இரண்டை எடுத்துவந்து தண்ணீரோடு நானே கொடுத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து பஸ்ஸை எடுத்தான்.

"பையன் எங்க காக்கா?" என்று வந்து உட்கார்ந்ததும் காஜா மைதீன் என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"பஸ் எடுத்துட்டுப் போயிருக்கான்."

"உழைக்கிற புள்ளை. வேற என்ன வேணும் நமக்கு."

சம்பந்தம் பேசி முடித்துச் சர்க்கரை வழங்கும்போது செய்தி வந்தது. பஸ் எதிரே வந்த லாரியில் மோதிவிட்டது. ஏழு பெண்களும் சபாபதியும் இறந்துவிட்டார்கள். நியாஸுக்குக் கால் முறிவு.

முன்பக்கம் இருந்தவர்களில் அவன் மட்டுமே பிழைத்தான்; பின்னால் இருந்த பெண்கள் தூங்கிக்கொண்டு வந்தார்கள். ஓட்டியது சபாபதி என்று போலீஸில் எழுதிக் கொடுத்தேன். குடித்திருந்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவன் குடித்து நான் பார்த்ததில்லை.

சபாபதியின் மனைவி வந்து, "அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாதே பாய்" என்றாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று பொறுத்துக்கொண்டேன்.

மிஸ்பாவின் நிக்காஹ் குறித்த நாளிலேயே நடந்தது. இறந்த ஏழு பெண்களின் வீட்டிலும் விசாரித்துப் பாருங்கள். என் மகனைக் குறை சொல்பவர் ஒருவர்கூட இல்லை.