ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

இந்த நாற்காலி கொஞ்சம் தாழ்வு, ஐயா. விசாரிக்கும் அறையில் மூட்டுவலிக்காரர்களுக்கென்று உயரமாக ஒன்று போட்டுவைக்கலாம். நீங்களும் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தீர்கள், கவனித்தேன். என் எண்ணெய் ஒரு புட்டி அனுப்பிவைக்கிறேன். லஞ்சமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது என் கொள்கை.

மறுக்கப் போவதில்லை. என் மனைவியின் மாத்திரைகளை மாற்றிவைத்தவன் நான்தான். எதற்காக என்பதையும் எழுதிக்கொண்டால் உங்கள் காகிதத்துக்கு ஒரு மரியாதை இருக்கும்.

எங்கள் இருவருக்கும் மூட்டைத் தின்னும் ஒரே நோய். அவளுக்கு விரல்களில், எனக்கு முழங்கால்களில். ஆஸ்பத்திரி டாக்டர் இருவருக்கும் ஒரே மாத்திரையை எழுதினார். வாரம் ஒரு நாள், ஞாயிறு காலையில். என் சீட்டை அவர் கண்ணெதிரே நாலாகக் கிழித்தேன். முப்பது வருஷம் குடிநீர் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவனுக்கு, ஒரு சீட்டு எதற்காக எழுதப்படுகிறது என்று தெரியாதா?

பதினேழு வேர்களைப் போட்டு நானே எண்ணெய் காய்ச்சினேன். ‘மூட்டு நண்பர் வட்டம்’ தொடங்கி, நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் பேசினேன். சீட்டுக் கிழித்த கதைக்குக் கைதட்டல் விழும். கையைத் தட்ட முடிந்தவர்கள் தட்டுவார்கள். என் முழங்கால் மட்டும் பிடிவாதமாக இருந்தது. தடியை ஊன்றித்தான் மேடை ஏறுவேன். எண்ணெய் எலும்புக்குள் இறங்க நாள் பிடிக்கும் அல்லவா?

அதனால் என் மனைவிதான் எனக்குச் சாட்சி. அவள் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவள். வீட்டு முன்னறைதான் கடை. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, முடியைவிட மெல்லிய சுருள்கம்பியை இடுக்கியால் எடுத்து வைப்பாள். வட்டத்தின் கூட்டங்களில் எல்லார் முன்னும் இறுக மூடிய புட்டியைத் திறந்து காட்டுவாள். “எல்லாம் எண்ணெய் செய்யற வேலை,” என்பேன். அவள் வாயே திறக்க மாட்டாள். அடக்கம் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை பின்வரிசையிலிருந்து மருந்துக்கடைக்காரன் எழுந்தான். “எண்ணெய் நல்லதுதான் சார். அக்கா எங்க கடையில மாசாமாசம் வாங்குற மாத்திரையும் சுமாரா வேலை செய்யும் போல.”

மாடியே சிரித்தது. இடுப்பு வளையாதவர்கள்கூட வளைந்து வளைந்து சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். “உங்க எண்ணெயையும்தாங்க தேய்க்கிறேன்,” என்றாள். “ரெண்டுல எது கேக்குதுன்னு எனக்கெதுக்கு? கை ஓடுனா போதும்.”

எது கேட்கிறது என்று தெரிய வேண்டாமா? ஒன்றை நிறுத்தினால்தான் மற்றது தெரியும். அதுவும் நோயாளிக்குத் தெரியாமல் நிறுத்த வேண்டும். தெரிந்தால் மனசு புகுந்து கெடுத்துவிடும். பெரிய ஆராய்ச்சியெல்லாம் அப்படித்தான் நடக்கிறதாம். நான் செய்தால் மட்டும் விசாரணை. அவள் டப்பாவில் அதே மஞ்சள் நிறத்தில் சத்து மாத்திரைகளைப் போட்டுவைத்தேன்.

இரண்டாம் மாதம் இடுக்கி நழுவத் தொடங்கியது. “என்னங்க, காலையில விரல் பிரியவே மாட்டேங்குது.” குளிர் என்றேன். கோடையிலும் அதையே சொன்னாள். “தேய்க்கிறதுல ஒரு நம்பிக்கை வேணும்,” என்றேன். டாக்டர் அளவை இரட்டிப்பாக்கினார். நானும் இரட்டிப்பாக மாற்றிவைத்தேன். எட்டாம் மாதம் அவளால் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. தினமும் நான்தான் தலைவாரிவிட்டேன். அக்கறை இல்லாதவன் இதைச் செய்வானா?

பாதியில் விட்டிருக்கலாமே என்கிறீர்கள். விட்டால் மருந்துக்கடைக்காரன் சொன்னது உண்மை என்றாகிவிடும்.

விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறுகிவிட்டன. இனி நிமிராதாம். கடையை மூடினாள். கடிகாரங்களைத் திரும்ப வாங்க வந்தவர்களிடம் என் எண்ணெயைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினேன்.

போன ஞாயிறு மாத்திரை அவள் கையிலிருந்து நழுவி, பழைய வேலை மேஜையில் உருண்டது. தேடுவதற்குப் பூதக்கண்ணாடியைக் கேட்டாள். கண்ணில் செருகிவிட்டவன் நான்தான். இருபத்தாறு வருஷம் பல்சக்கரத்தின் பல்லைப் பார்த்த கண். “நடுவுல ஒரு கோடு இருக்குமே. இதுல இல்லையே,” என்றாள். பிறகு அந்தக் கண்ணாடியோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப அதெல்லாம் எங்கங்க?”

மறுநாள் மகளை வைத்துப் புகார் எழுதிவிட்டாள். அதில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படித்தவள், ஐயா. என்னை அவமானப்படுத்துவதற்கென்றே வைத்திருக்கிறாள்.

அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். பொருளை வீணாக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஞாயிறுதோறும் அவள் மாத்திரையை நான் விழுங்கினேன். டாக்டர் அளவைக் கூட்டியபோது நானும் கூட்டிக்கொண்டேன். மருந்து என்று நினைத்து அல்ல. குப்பையில் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே சோதனை தோற்றது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் கையை மட்டும் பார்த்தால் எப்படி? என் காலையும் பாருங்கள். போன வருஷம் தடியோடு நடந்தவன். இதோ, இந்தத் தாழ்ந்த நாற்காலியிலிருந்து கையே ஊன்றாமல் எழுந்து நிற்கிறேன். எண்ணெய் கேட்கவில்லை என்று இனி எவன் சொல்வான்?