குல்தூம் என்று எழுதியது நானே

அடையாள அட்டையில் உள்ள பெயர் உம்மு குல்சூம். வயது 67. சமயம் இஸ்லாம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. தொழில் முன்பு பாய் இழைத்தல், இப்போது வீட்டில். சொந்த ஊர் மன்னார் எருக்கலம்பிட்டி, 1990 முதல் நுரைச்சோலைக்குப் பக்கத்தில் இடம்பெயர்ந்தோர் குடியிருப்பில் வசிப்பவர். 2016 நவம்பர் 21ஆம் திகதி காலை 10.15 மணிக்கு, பொலிஸ் நிலையத்தில் வைத்து, சார்ஜன்ட் வின்சன்ட் தமிழில் கேட்டு எழுதியது.

நான் மேற்படி விலாசத்தில் மகள் சுல்பாவுடனும் அவளுடைய மகள் ஃபாஹிமாவுடனும் இருக்கிறேன். ஃபாஹிமா அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. எங்கள் குடியிருப்பில் இருந்து வெள்ளைச் சப்பாத்துப் போட்டு வேலைக்குப் போன முதல் பிள்ளை அவள்தான். இது விசாரணைக்குத் தேவையில்லை என்று சார்ஜன்ட் சொன்னார். தேவை என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

இந்த மாதம் 9ஆம் திகதி அந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை நடந்தது. அதைப் பற்றி என் மகன் ஜபார் 12ஆம் திகதி செய்த முறைப்பாட்டை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஊசி வேண்டாம் என்று சொல்ல ஃபாஹிமா உம்மாவை வற்புறுத்தினாள் என்றும், உம்மாவுக்கு மயக்க ஊசி போடாமல் அலற வைத்தார்கள் என்றும், உம்மாவுக்கு எழுதத் தெரியாது, எங்கே போனாலும் பெருவிரல் அடையாளம்தான் என்றும், ஆகவே சம்மதப் பத்திரத்தில் உள்ள கையொப்பம் ஃபாஹிமா போட்ட கள்ளக் கையொப்பம் என்றும், அதில் பெயர் கூட அடையாள அட்டையில் உள்ளபடி இல்லை என்றும் அதில் இருக்கிறது. இதனால் ஒன்பது நாளாக ஃபாஹிமாவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கையொப்பம் கள்ளம் என்று முடிவானால் அவளுடைய வேலை போய்விடும் என்பது தெரிந்துதான் நான் இதைச் சொல்கிறேன்.

எனக்கு ஐந்தாறு மாதமாக மலத்தோடு இரத்தம் போனது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஃபாஹிமாதான் என் நகத்தைப் பார்த்து இரத்தம் குறைவு என்று கண்டுபிடித்தாள். அதன் பின்னர் டொக்டர் பரிசோதனைக்கு நாள் குறித்துத் தந்தார்.

பரிசோதனைக்கு முதல் நாள் வயிறு கழுவும் மருந்து குடித்துக்கொண்டு இருக்கும்போது பக்கத்து வீட்டுச் சபூரா வந்தார். போன வருடம் அவருக்கும் இதே பரிசோதனை நடந்தது. “நித்திர ஊசி கேட்டு எடுங்க மச்சி. ராணி மாதிரி இருந்திச்சு, ஒண்டுமே தெரியா” என்றார். அன்று அவரைக் கூட்டி வரப் போனது நான், ஊசி மயக்கத்தில் அவர் பேசியதைக் கேட்டதும் நான். ஆகவே, “தெரியாதது ஒனக்குத்தான். ஒன்ட மருமகளின்ட கதை முழுக்க வார்ட்டுக்கே தெரியும்” என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்காமல் போனார்.

அதன் பின்னர் அஸர் தொழுதுவிட்டு ஃபாஹிமாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வழி சொன்னாள். ஒரு ஊசியும் இல்லாமல் செய்யலாம், நோவு இருக்கும், உடனே வீட்டுக்கு வரலாம். நோவைக் குறைக்கும் ஊசி மட்டும் எடுக்கலாம், முழிப்பாக இருப்பேன். மூன்றாவது அரை நித்திரை ஊசி, அனேகமாக ஒன்றும் ஞாபகம் இராது, மறுநாள் வரை என்னைத் தனியே விடக்கூடாது. மூன்றிலும் உள்ள நல்லது கெட்டது இரண்டையும் சொன்னாள். மீன் விற்கிறவரைப் போல ஒன்றை மேலே தூக்கிக் காட்டவில்லை.

நான் என் பயத்தைச் சொன்னேன். நித்திரையில் மவுத்தானால், உயிர் போகும் நேரம் கலிமா சொல்லக் கிடைக்காதே என்பதுதான் அது. படித்த பிள்ளை சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. “அது அரை நித்திரதான் உம்மம்மா. பேர் சொல்லிக் கூப்பிட்டா முழிப்பீங்க” என்றாள். அப்படியானால் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். “நான் சொன்னா அது என்ட முடிவு. வயிறு உங்கட” என்றாள். எழும்பிப் போகும்போது திரும்பி நின்று, “வீரம் காட்டத் தேவல்ல. இடையில ஊசி கேட்டாலும் போடுவாங்க” என்றும் சொன்னாள். வற்புறுத்தல் என்று முறைப்பாட்டில் உள்ளது இவ்வளவுதான்.

மறுநாள் காலை ஜபாரும் எங்களோடு வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஃபாஹிமா பொறுப்பான தாதியிடம், இவர் என் உம்மம்மா, நான் இவருடைய பரிசோதனையில் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு மற்ற அறைக்குப் போய்விட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டவர் கத்தரினா என்ற தாதி. சிலாபம் பக்கத்தவர். அவர் ஒவ்வொன்றுக்கும் முதல் கேட்டார். கையில் ஊசிக் குழாய் குத்தவா, சீலையை விலக்கவா, இந்தப் பக்கம் திருப்பவா என்று கேட்டு, நான் ஓம் என்ற பின்னர்தான் கை வைத்தார். தேவையான இடம் தவிர உடம்பு முழுவதும் மூடியே இருந்தது.

டொக்டர் சிங்களத்தில் அதே மூன்று வழியையும் சொன்னார். கத்தரினா தமிழில் சொன்னார். அதன் பின்னர் பத்திரத்தை நீட்டி, “நீங்க வாசிக்கிறீங்களா உம்மா, இல்லாட்டி நான் வாசிக்கவா?” என்று கேட்டார். இருபத்தாறு வருடத்தில் ஒரு கடதாசியை நீட்டி என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர். நானே வாசிக்கிறேன் என்றேன். எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் எடுத்தது. டொக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். வாசிக்கிறார், பொறுங்கள் என்று கத்தரினா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார். வாசித்து முடித்து, ஊசி இல்லாமல் தொடங்குங்கள், கேட்டால் போடுங்கள் என்று சொல்லி, பேனை வாங்கி என் பெயரை எழுதினேன். அப்போது உடம்பில் ஒரு மருந்தும் ஏறவில்லை. நேரம் 8.40, பத்திரத்திலும் அப்படியே இருக்கிறது.

பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வாப்பா வைத்த பெயர் உம்மு குல்தூம். ஐந்தாம் வகுப்பு வரை நான் எழுதியதும் அதுதான். 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு விரட்டப்பட்டு வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கியபோது ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைப் பதிந்தார்கள். என் இடது கையில் மூன்று மாதப் பிள்ளை, அது ஃபாஹிமா. எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு எழுதத் தெரியாது, பெருவிரல் வைத்தார். அதன் பின்னர் என் முறை வந்ததும், பதிந்தவர் தலை நிமிராமல் என் வலது கையைப் பிடித்து மையில் அமுக்கி வைத்துவிட்டார். பெயர் கேட்டார், சொன்னேன், குல்சூம் என்று எழுதினார். பிள்ளை பாலுக்கு அழுதது. நான் திருத்தவில்லை. அதைப் பார்த்துத்தான் அதன் பின்னர் வந்த எல்லா அட்டையிலும் குல்சூம் என்று எழுதி மைப் பெட்டியை நீட்டினார்கள். நானும் விரலை நீட்டினேன். ஜபார் அன்று பன்னிரண்டு வயதில் என் பக்கத்தில் நின்றவன். அவன் கண்டது பெருவிரலைத்தான். ஃபாஹிமாவுக்கும் நான் குல்சூம்தான். அவள் கள்ளக் கையொப்பம் போட்டிருந்தால் அடையாள அட்டையில் உள்ளபடி ‘சூ’ என்று பிழையில்லாமல் போட்டிருப்பாள். ‘தூ’ என்று எழுத என்னைத் தவிர இப்போது உயிரோடு ஆள் இல்லை.

அதன் பின்னர் பரிசோதனை தொடங்கியது. திரையை நானும் பார்த்தேன். என் குடல் உரித்த இறால் நிறத்தில் இருந்தது. நோவு வந்தால் வலது கையைத் தூக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு வளைவில் வந்த நோவில் கை மறந்துவிட்டது, யா அல்லாஹ் என்று பெரிதாகக் கத்தினேன். டொக்டரின் கை அந்த இடத்திலேயே நின்றது. அப்போது வாசல் திரைக்குக் கீழே வெள்ளைச் சப்பாத்து இரண்டு ஓடி வந்து நிற்பதைக் கண்டேன். அந்தச் சப்பாத்து உள்ளே வரவில்லை. என் பிள்ளை உள்ளே வந்திருந்தால் நான் அழுதிருப்பேன். கத்தரினா என் கையைப் பிடித்து, ஊசி போடவா, நிற்பாட்டிவிடவா என்று கேட்டார். கொஞ்சம் யோசித்து, நித்திரை ஊசி வேண்டாம், நோவு குறைக்கும் ஊசி போடுங்கள் என்றேன். போட்டார்கள். நோவு முழுக்கப் போகவில்லை, தாங்கக்கூடியதாக இருந்தது. பயறளவில் ஒரு சதை முளை இருந்தது. அதை வெட்டி எடுப்பதையும் பார்த்தேன். டொக்டர் நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்.

வெளியே ஜபார் ஃபாஹிமாவிடம், “ஆஸ்பத்திரியில பேர் வாங்க என்ட உம்மாவ வச்சுப் பழகிப் பாத்தியா?” என்று கத்திக்கொண்டு இருந்தான். அவள், “மாமா, உம்மம்மாட்டக் கேளுங்க” என்று மட்டும் சொன்னாள். அவன் என்னிடம் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இங்கே வந்தான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தாயின் சத்தம் கேட்டால் மகன் நிற்கமாட்டான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு நின்றவர்கள் உள்ளே இருந்தார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

அதன் பின்னர் சார்ஜன்ட், ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிக் கையொப்பம் ஐந்து வேண்டும் என்றார். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த ஜபாரை உள்ளே கூப்பிடச் சொன்னேன். அவன் பார்த்துக்கொண்டு நிற்க ஐந்தும் எழுதினேன். மூன்றாவது எழுதும்போது, “உம்மா, இது எப்ப படிச்ச?” என்று கேட்டான். நீ பிறக்க முந்தி என்றேன்.

ஃபாஹிமாவை மறுபடி வேலைக்கு எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். எனக்கு நடந்ததில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

மேலே உள்ளதை வாசித்துக் காட்டவா என்று சார்ஜன்ட் கேட்டார். நானே வாங்கி வாசித்தேன். ஓரிடத்தில் அலறினேன் என்று இருந்ததைக் கத்தினேன் என்று திருத்தினேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியும் நடந்தபடியும் இருக்கிறது. பழக்கத்தில் மேசையில் வைத்த மைப் பெட்டியை அவரே எடுத்து லாச்சிக்குள் வைத்துவிட்டுப் பேனை தந்தார்.

(ஒப்பம்) உம்மு குல்தூம்

என் முன்னிலையில் ஒப்பமிட்டார்: சார்ஜன்ட் வின்சன்ட்
சாட்சி: முறைப்பாட்டாளர் ஜபார்