மலைக்குப் போன மாத்திரைப் பெட்டி

புது பூட்ஸ் காலைக் கடிக்காமல் இருக்க வேண்டுமானால் முன்கூட்டியே போட்டுப் பழக வேண்டுமாம். நீங்கள்தானே தம்பி சொல்லிக்கொடுத்தீர்கள், மலைக்கு அழைத்துப்போகிறவர் என்ற முறையில்? என் தங்கை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, காய்கறி வாங்கவும் பூட்ஸோடுதான் போனாள். முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை அடைத்துக்கொண்டு எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். எதிர்வீட்டுப் பல் டாக்டர் மனைவிக்குப் பொறுக்குமா?

"என்னக்கா, உங்க தங்கச்சி தவணை தவணையா வீட்டைக் காலி பண்றாளா?"

நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே தங்கை, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபடி, "அக்கா, போய்ட்டு வந்ததும் தனியா வீடு பாக்கப் போறேன்" என்றாள்.

"இங்க என்னடி குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்லக்கா. அதான் பயமா இருக்கு. உச்சிக்குப் போய் நின்னுட்டேன்னா எதையும் செஞ்சிடலாம்னு ஒரு தைரியம் வரும்."

அம்மா போனதிலிருந்து அவளுக்குத் தலைவாரிவிட்டவள் நான். முப்பது தாண்டியவளுக்கு இன்னும் சோறு பிசைந்து கொடுக்கிறேன் என்று இந்தத் தெரு கேலி பேசும். பேசட்டும். மலை ஏறுவதற்கும் வீடு மாறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. உச்சியைப் பார்க்காமல் திரும்பினால் அந்தத் தைரியம் வராது என்பது மட்டும் புரிந்தது.

பிறகு நீங்கள் பைகளைச் சரிபார்க்க வந்தீர்கள். இதோ, இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தீர்கள். சுமை குறையவும் மலையில் குப்பை சேராமல் இருக்கவும், மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சின்னப் பெட்டியில் போடச் சொன்னீர்கள். காபி கொண்டுவரும் சாக்கில் நானும் நின்று கேட்டேன். மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது.

"உயரத்துல காத்து கம்மி. இந்த மாத்திரை உடம்பைப் பழக்கும். அப்படியும் தலை வலிச்சா மறைக்காதீங்க, மூளையில நீர் கோத்துக்கும். வலின்னு சொன்னா உடனே கீழ அனுப்பிடுவேன்."

அவ்வளவு சொன்னீர்கள். என் காதில் தங்கியது கடைசி வாக்கியம்தான்.

மருந்துக்கடையில் நின்றே தலை நரைத்தவள் நான். வெள்ளையாய், வட்டமாய், நடுவே கோடு போட்ட மாத்திரை எத்தனை வகை இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அவள் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியில் இருந்ததை எடுத்துவிட்டுச் சத்து மாத்திரை போட்டு வைத்தேன். விஷம் வைக்கிற ஆள் இல்லை நான். லேசாகத் தலை வலிக்கும், நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள், அவள் கொஞ்சம் அழுவாள், நான் தைலம் தேய்த்துவிடுவேன். இதில் என்ன பெரிய பாவம்?

கிளம்பும்போது வாசலில் ஒரு கூட்டமே நின்றது. நானும் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்: "பாதியிலயே ஓடி வந்துடுவே, பாரு. உன் படுக்கையைச் சுருட்டாமலே வெக்கிறேன்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் முகம் சுண்டிவிட்டது.

சற்றுமுன் நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"தினமும் கேட்டேங்க. நல்லா இருக்கேன்னு சிரிச்சாங்க. மாத்திரையும் என் கண்ணு முன்னாலதான் போட்டாங்க. கூடாரத்துல கூட இருந்த பொண்ணுகிட்ட மட்டும், 'தலை பிளக்குது, ஆனா இறங்கினா எங்கக்கா ஜெயிச்சிடுவாங்க. மாத்திரைதான் போடறேனே, சரியாயிடும்'னு சொல்லியிருக்காங்க. குடிச்சவங்க மாதிரி தள்ளாடி விழுந்தப்போதான் எனக்கே தெரிஞ்சுது. தூக்கிட்டு ஓடினோம். தப்பு என் மேலதாங்க."

இல்லை தம்பி. உங்கள் மேல் தப்பே இல்லை. நீங்கள் மலைப்பக்கமே போவதில்லை, வேலையையும் விட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் கூப்பிட்டு அனுப்பினேன். மாற்றியவள் நான். போலீசிலும் இப்படியே சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஆனால் என்னைக் கூட்டிக்கொண்டு போனால் அவளுக்கு யார் ஊட்டுவார்கள், யார் புரட்டிப் படுக்க வைப்பார்கள் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். அதற்கு எனக்கு வழி தெரியவில்லை.

உள்ளே குரல் கேட்கிறதா? அவள்தான். பூட்ஸைக் காட்டினால் எதற்கு என்று தெரியவில்லை. தன் பெயரே தெரியவில்லை. அவளிடம் மிச்சம் இருப்பது 'அக்கா' என்ற ஒரே வார்த்தை. நாள் முழுக்க அதையேதான் சொல்கிறாள்.

என் மேல் கோபம் இருந்தால் அப்படிக் கூப்பிடுவாளா, நீங்களே சொல்லுங்கள்.